நூலக நிகழ்ச்சிகளும் நம் வேலை நேரமும்

கிளை நூலகங்களிலும் ஊர்ப்புற நூலகங்களிலும் ஆண்டுதோறும் சில நிகழ்ச்சிகள் நடைபெறுவதை அங்கத்தினர்கள் அறிவார்கள். பலகையில் அறிவிப்பு ஒட்டப்படும். குறித்த நாளில் கூட்டம் கூடும். பள்ளிப் பிள்ளைகளும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வந்திருப்பார்கள். தறிக்காரரையும் உழவரையும் அங்கே காண்பது அரிது. நமக்குப் படிப்பில் நாட்டம் இல்லை என்று இதற்குக் காரணம் கூறுவோர் உண்டு. அது சரியன்று. கூட்டம் நடக்கும் வேளையில் நம் கைக்கு வேலை இருக்கிறது என்பதே காரணம்.

ஆண்டின் முக்கிய நாட்களைப் பார்ப்போம். ஆகஸ்டு 12, சீர்காழியில் 1892-இல் பிறந்த நூலக அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் நினைவாக நூலகர் தினம். நவம்பர் 14 முதல் 20 முடியத் தேசிய நூலக வாரம். புத்தகக் கண்காட்சி, சொற்பொழிவு, பிள்ளைகளுக்குப் போட்டிகள், புதிய உறுப்பினர் சேர்க்கை ஆகியவை அப்போது நடப்பது வழக்கம். ஏப்ரல் 23 உலகப் புத்தக தினம்.

இவற்றுள் ஆகஸ்டு நமக்கு ஒவ்வாது. தறிகளில் தீபாவளிச் சரக்கு ஓடும். உழவருக்கோ விதைப்பும் நாற்றங்காலும். நவம்பர் வாரம் அப்படியன்று. தீபாவளி பெரும்பாலும் கழிந்திருக்கும். அடைமழையில் வீதியில் பாவு நீட்டிக் கஞ்சியிட இயலாது. குழித்தறியில் ஈரம் ஊறும். இதனை ஓய்வு என்று சொல்ல மனம் வரவில்லை; கூலியற்ற நாட்கள் அவை. ஆயினும், நெசவாளர் ஓரிடத்தில் அமர்ந்து ஒன்றைக் கேட்கக்கூடிய காலம் ஆண்டில் அதுவே. சம்பா பயிரிட்டோருக்குப் பகலில் களையெடுப்பு இருப்பினும் மாலை நேரம் கிடைக்கும்.

ஆகவே நூலக வாரத்தின் ஒரு மாலையையாவது நம் தொழிலுக்கு ஒதுக்கும்படி கேட்பது தகும். இது சலுகை வேண்டுவதன்று. 1948-இல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டம், இந்திய மாகாணங்களில் இவ்வகையில் முதலாவது. அச்சட்டப்படி வீட்டுவரியோடு நூலகத் தீர்வையும் வசூலாயிற்று. அன்று ரூபாய்க்கு அரை அணா; பின்னர் அது 10 காசாக உயர்ந்தது. வீட்டுவரி செலுத்தும் நெசவாளர் ஒவ்வொருவரும், நூலகத்தின் வாயிலை மிதியாதவராயினும், அதன் செலவில் பங்கு கொண்டவரே.

எதைப் பற்றிப் பேசச் சொல்வது என்பது அடுத்த கேள்வி. பொதுவான தலைப்புகளால் நமக்குப் பயன் குறைவு. சாயம் ஏன் வெளுக்கிறது, வரைபடத்தாளில் கரை எழுதுவது எவ்வாறு, மண் பரிசோதனைச் சீட்டை எப்படிப் படிப்பது என இவைபோல் கேட்கவேண்டும். காஞ்சிபுரம், சேலம் முதலிய ஊர்களில் உள்ள நெசவாளர் சேவை மையங்களிலும், மாவட்டங்களில் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களிலும் இவற்றை விளக்க வல்லவர்கள் இருக்கிறார்கள். பேச்சு முடிந்ததும் அப்பொருள் பற்றிய நூல்கள் மேசைமீது இருத்தல் அவசியம். இல்லையேல் கேட்டது வீடு சேருமுன் மறந்துபோம்.

தார் சுற்றும் பெண்கள் கூட்டத்துக்கு வருவது கடினம். அவர்களுக்கு நூலகமே வீதிக்கு வரலாம். சுற்றும் கை சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் உரக்கப் படித்தால் போதும். நூலகம் மக்களை நாடிச் செல்வது இந்நாட்டில் புதிதன்று: 1931-இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்னும் பொறியாளர் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். வாசகரின் நேரத்தை வீணாக்கலாகாது என்பதை நூலகவியலின் விதிகளுள் ஒன்றாக இரங்கநாதன் வகுத்து வெளியிட்டதும் அதே ஆண்டில்தான்.

வேண்டுகோள் சங்கத்தின் பெயரால் செல்வது நலம். வாசகர் வட்டம் உள்ள ஊர்களில் அதன் தலைவரிடமும் நூலகரிடமும் புரட்டாசி முடிவதற்குள் கடிதம் சேர்ப்பிக்கவேண்டும். பேச்சாளருக்கு எழுதவும் நூல் வரவழைக்கவும் அவர்களுக்கு ஒரு மாதமேனும் வேண்டும். பொருள், நாள், நேரம் ஆகியவற்றோடு எத்தனை பேர் வருவார்கள் என்பதையும் குறிப்பிடுக. நூலகம் மூடும் நேரம் ஊருக்கு ஊர் மாறுபடும். விளக்கு வைத்தபின் கூட்டம் நடத்த இயலாதெனில், சங்கக் கட்டடத்தின் கூடத்தைத் தருவதாக அக்கடிதத்திலேயே எழுதிவிடலாம்.