கட்டுப்படாத வலை – 11: பட்டியலோடு கிளம்பியவர்கள்

2019 அக்டோபர் கடைசி வாரம். உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு திடீரென்று முடங்கியது. அவர் முகப்பில் வைத்திருந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம்தான் காரணம். 1936-ல் ஹாம்பர்க் கப்பல் கட்டும் தளத்தில் எடுக்கப்பட்ட படம் அது. சுற்றிலும் தொழிலாளர்கள் வலது கையை நீட்டி நாஜி வணக்கம் செலுத்திக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஆகஸ்ட் லாண்ட்மெஸ்ஸர் என்று பரவலாக அறியப்படும் அந்த மனிதரை நாஜி எதிர்ப்பின் அடையாளமாக உலகமே பார்க்கிறது. ட்விட்டரின் கணக்கிலோ அது வெறுப்பைப் பரப்பும் படம்.

கணக்கு திரும்பக் கிடைத்தது. ஆனால் இந்திக் கவிஞர் கோரக் பாண்டேயின் கவிதை ஒன்றைப் பழைய நாளில் பகிர்ந்ததற்காக மறுபடியும் முடக்கப்பட்டது. அதே வாரங்களில் இன்னொரு கோபமும் கனன்றுகொண்டிருந்தது. நீல டிக் கொடுப்பதிலும் கணக்குகளை முடக்குவதிலும் ட்விட்டர் சாதி பார்க்கிறது என்று தலித் எழுத்தாளர்களும் செயற்பாட்டாளர்களும் குற்றம் சாட்டினார்கள். இரண்டும் சேர்ந்துகொள்ள, நவம்பர் முதல் வாரத்தில் இந்திய ட்விட்டரில் ஒரு பெயர் கைமாறத் தொடங்கியது: மஸ்டோடன்.

வழக்கறிஞர்கள், பத்திரிகையாளர்கள், மாணவர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் அங்கே கணக்கு தொடங்கினார்கள். சில மாதங்களில் பெரும்பாலோர் ட்விட்டருக்கே திரும்பிவிட்டார்கள். மஸ்டோடன் மோசம் என்பதற்காக அல்ல. அங்கே பதிவு போட்டால் படிக்க அறிமுகமான முகம் இல்லை. ட்விட்டரில் பத்து வருடம் சேர்த்த நட்பு வட்டத்தில் யார் புது இடத்துக்கு வந்திருக்கிறார்கள், எந்தப் பெயரில் வந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வழியில்லை.

இந்தத் தொடரில் இதுவரை தொழில்நுட்பத்தைப் பார்த்தோம். யாருக்கும் சொந்தமில்லாத சமூக வலைதளத்தைக் கட்டுவது பாதி வேலைதான். அங்கே ஆட்களைக் கொண்டுவந்து சேர்ப்பது மீதிப் பாதி. அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காதவர்கள்.

எந்த சர்வர்?

முந்தைய வாரம் படிக்காதவர்களுக்காக ஒரு சுருக்கம். மஸ்டோடனை எழுதியவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்கன் ரோஷ்கோ. 2016 அக்டோபரில், இருபத்து மூன்று வயதில் அதை வெளியிட்டார். அது ஒரே நிறுவனத்தின் ஒரே கணினியில் ஓடுவதில்லை. மென்பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் சர்வரில் நிறுவலாம். ஜிமெயிலில் இருப்பவர் யாஹூவில் இருப்பவருக்கு மின்னஞ்சல் அனுப்புவதுபோல, ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரைப் பின்தொடரலாம். சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழியின் பெயர் ஆக்டிவிட்டிபப். 2018 ஜனவரியில் இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அதைப் பொதுத் தரநிலையாக ஏற்றது.

கேட்க எளிமையாக இருக்கிறது. புதிதாக வருபவர் முதல் நிமிடத்திலேயே முழிப்பது இங்கேதான். ‘எந்த சர்வரில் சேர்கிறீர்கள்?’ என்ற கேள்வியை அவர் வாழ்நாளில் எதிர்கொண்டதே கிடையாது. ஃபேஸ்புக் அப்படிக் கேட்டதில்லை. ஆயிரக்கணக்கான பெயர்கள் கொண்ட பட்டியலைப் பார்த்ததும் பலர் ஜன்னலை மூடிவிட்டுப் போனார்கள். 2023 மே மாதத்தில் ரோஷ்கோவின் குழு ஒரு முடிவெடுத்தது: செயலியைத் திறந்ததும் தங்கள் சொந்த சர்வரான மஸ்டோடன்.சோஷியலில் சேரும் பொத்தான் முதலில் இருக்கும்; வேறு சர்வர் வேண்டுமென்றால் தேடிக்கொள்ளலாம். எல்லோரும் ஒரே சர்வரில் குவிந்தால் பிறகு பரவலாக்கம் எங்கே என்று பழைய ஆட்கள் கொதித்தார்கள். வாசலிலேயே ஆளை விரட்டிவிட்டுப் பரவலாக்கம் பேசி என்ன பயன் என்று மறுதரப்பு கேட்டது. இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

முகவரி பொறுக்கியவர்கள்

2022 அக்டோபர் 27 அன்று ஈலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கினார். அடுத்த பதினோரு நாள்களில் கிட்டத்தட்ட 4,89,000 பேர் மஸ்டோடனில் சேர்ந்ததாகவும், 1,124 புது சர்வர்கள் முளைத்ததாகவும் ரோஷ்கோ நவம்பர் 7-ல் எழுதினார். மாதம் 3 லட்சம் பேர் புழங்கிய இடத்தில் நவம்பர் முடிவில் 25 லட்சம் பேர்.

2019-ல் நண்பர்களைக் கண்டுபிடிக்க வழியில்லாமல் போனதற்கு இந்த முறை சில புரோகிராமர்கள் விடை வைத்திருந்தார்கள். ஃபெடிஃபைண்டர், டிபர்டிஃபை, மூவ்டோடான் என்று மூன்று நான்கு கருவிகள் அடுத்தடுத்து வந்தன. கிளம்புகிறவர்கள் தங்கள் ட்விட்டர் சுயவிவரத்தில் மஸ்டோடன் முகவரியை எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். ஃபெடிஃபைண்டருக்கு அனுமதி கொடுத்தால், நீங்கள் ட்விட்டரில் பின்தொடரும் எல்லோருடைய சுயவிவரத்தையும் அது வரிசையாகப் படிக்கும். முகவரிபோலத் தெரிவதையெல்லாம் பொறுக்கி, ஒரு சிஎஸ்வி கோப்பாகக் கையில் கொடுக்கும். அந்தக் கோப்பை மஸ்டோடனின் ‘இம்போர்ட்’ பக்கத்தில் ஏற்றினால் வேலை முடிந்தது. ஆளில்லாமல் கிடந்த பக்கம் கொஞ்ச நேரத்தில் தெரிந்த முகங்களால் நிறையும். சில நாள் கழித்து மறுபடி ஓட்டினால், இடைப்பட்ட நாள்களில் வந்துசேர்ந்தவர்களும் கிடைப்பார்கள்.

துறைவாரியாகவும் பட்டியல்கள் உருவாயின. வானியல், வரலாறு, நூலகம், இதழியல் என்று அந்தந்தத் துறைக்காரர்களே பொதுக் கோப்பு திறந்து, புது முகவரிகளை எழுதச் சொன்னார்கள். ஒரு துறையில் நூறு பேர் ஒரே வாரத்தில் வந்தபோது பேச்சு தொடர்ந்தது. ஒவ்வொருவராக வந்து எட்டிப்பார்த்த துறைகளில் பேச்சு தொடங்கவே இல்லை.

ட்விட்டர் சும்மா இருக்கவில்லை. டிசம்பர் 15 அன்று மஸ்டோடனின் அதிகாரபூர்வக் கணக்கை முடக்கியது. டிசம்பர் 18-ல் மஸ்டோடன், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவற்றின் முகவரியைச் சுயவிவரத்தில் எழுதுவதே விதிமீறல் என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த அறிவிப்பு காணாமல் போனது. ஆனால் 2023-ல் வெளி மென்பொருள்கள் ட்விட்டரின் தரவை இலவசமாகப் படிக்கும் வசதி நின்றது. முகவரி பொறுக்கிய கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தன. அதற்குள் கிளம்பியவர்கள் பட்டியலோடு வந்துசேர்ந்தார்கள். தாமதித்தவர்களுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

சியாட்டில் வீட்டின் அடித்தளம்

வந்தவர்களை யார் தாங்கினார்கள்? கிரிஸ் நோவா என்ற பெண் கணினிப் பொறியாளர் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், தன் வீட்டு அடித்தளத்தில் ஒரு சர்வர் அடுக்கு வைத்திருந்தார். 2022-ல் நண்பர்களுக்காக அதில் ‘ஹேக்கிடெர்ம்’ என்ற மஸ்டோடன் சர்வரைத் தொடங்கினார். நவம்பர் தொடக்கத்தில் அதில் சில நூறு பேர். மாத இறுதியில் 30,000 பேர்.

இத்தனை பேர் வந்தால் என்ன ஆகும் என்பது கொஞ்சம் நுணுக்கமானது. மஸ்டோடனில் ஒருவர் ஒரு வரி எழுதினால், அவரைப் பின்தொடர்பவர்கள் எத்தனை சர்வர்களில் இருக்கிறார்களோ அத்தனைக்கும் அந்த வரி தனித்தனியாக அனுப்பப்பட வேண்டும். அனுப்ப வேண்டியவை ஒரு வரிசையில் நிற்கும். அடித்தளத்திலிருந்த வட்டுகள் பழுதடையத் தொடங்கி மெதுவாகின. அவை மெதுவானதும் வரிசை நீண்டது. பதிவுகள் மணிக்கணக்கில் தாமதமாகப் போய்ச்சேர்ந்தன, படங்கள் திறக்கவில்லை. நோவாவும் தன்னார்வலர்களும் முதலில் படங்களை வாடகைச் சேமிப்பகத்துக்கு நகர்த்தினார்கள். பிறகு எல்லாவற்றையும் ஜெர்மனியில் உள்ள வாடகை சர்வர்களுக்குக் கொண்டுபோனார்கள். எது உடைந்தது, ஏன் உடைந்தது, எப்படிச் சரிசெய்தோம் என்று ஒளிவுமறைவில்லாமல் ஒரு நீண்ட அறிக்கையும் வெளியிட்டார் நோவா. சொந்த சர்வர் நடத்தும் பலருக்கு அது கைகொடுத்தது.

2023 ஆகஸ்டில் மலையேற்ற விபத்தில் நோவா இறந்துபோனார். ஹேக்கிடெர்ம் நிற்கவில்லை. அதை நடத்துவதற்காக நிவென்லி என்ற அறக்கட்டளையை அவர் ஏற்கெனவே தொடங்கி, பொறுப்பைப் பலர் கையில் பிரித்துக் கொடுத்திருந்தார்.

பழைய வாசல் திறந்திருக்க வேண்டும்

எல்லா சர்வருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. நடத்துபவர் ஒருநாள் களைத்துப்போவார், பணம் தீரும், சண்டை வரும். 2023 தொடக்கத்தில் மஸ்டோடன்.லால் என்ற சர்வரின் நடத்துநர், தனக்கு வந்த வசைகளால் வெறுத்துப்போய்க் கடையை மூடப்போவதாக அறிவித்தார். சுமார் 12,000 பேர் இடம் தேட வேண்டியிருந்தது.

இதற்கென்று மஸ்டோடனில் ஒரு வழி இருக்கிறது. முதலில் புது சர்வரில் கணக்கு தொடங்கி, ‘என் பழைய முகவரி இது’ என்று பதிய வேண்டும். பிறகு பழைய கணக்கில் புகுந்து, ‘இங்கே மாறுகிறேன்’ என்று சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் ஒத்துப்போனால், பழைய சர்வர் எல்லாப் பின்தொடர்பவர்களின் சர்வர்களுக்கும் தகவல் அனுப்பும். அவர்கள் ஒரு பொத்தானும் அழுத்த வேண்டியதில்லை. தானாகவே புது முகவரியைப் பின்தொடரத் தொடங்குவார்கள். நீங்கள் பின்தொடர்பவர்கள், தடுத்துவைத்தவர்கள், சேமித்த பதிவுகள் ஆகியவற்றின் பட்டியலைக் கோப்பாக எடுத்துப்போய் ஏற்றிக்கொள்ளலாம். நீங்கள் எழுதியவை மட்டும் வராது. ஐந்து வருடப் பதிவுகளும் பழைய இடத்திலேயே தங்கிவிடும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: மாறும் நேரத்தில் பழைய சர்வர் உயிரோடு இருக்க வேண்டும். அதன் அருமை 2024 பிப்ரவரியில் தெரிந்தது. குயர்.ஏஎஃப் என்ற சர்வரைப் பால்புதுமையினருக்காகச் சிலர் நடத்திவந்தார்கள். ‘.ஏஎஃப்’ என்பது ஆப்கானிஸ்தானின் இணையக் குறியீடு. தலிபான் ஆட்சியின் கீழ் இருக்கும் அமைச்சகம் அந்த டொமைனை ரத்து செய்துவிட்டது. ஏப்ரலில் மூடிவிடலாம் என்று நடத்துநர்கள் ஏற்கெனவே நினைத்திருந்தார்கள். தலிபானுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் கட்ட அவர்களுக்கு மனமில்லை. ஆனால் அதற்குள் பெயர் பறிபோனது. பெயர் போனால் மற்ற சர்வர்களுக்கு அந்த இடமே தெரியாது. தகவல் அனுப்பவும் முடியாது. முன்பே மாறாதவர்கள் பின்தொடர்பவர்களை முதலிலிருந்து தேட வேண்டியதாயிற்று.

இப்படி நடக்கும் என்று எதிர்பார்த்துத்தான், மஸ்டோடனின் அதிகாரபூர்வப் பட்டியலில் இடம்பெற விரும்பும் சர்வர்களுக்கு 2019-லேயே ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. மூடுவதானால் மூன்று மாதம் முன்பே சொல்ல வேண்டும். தினமும் பேக்கப் எடுக்க வேண்டும். அவசரத்துக்கு இன்னொருவர் கையிலும் சாவி இருக்க வேண்டும். புதிதாகச் சேர்பவர் ஒரு சர்வரின் அழகான பெயரைவிட இந்த மூன்றையும் விசாரிப்பது நல்லது.

நூற்றைம்பது பேர், ஒரே க்ளிக்

2024-ல் அலை புளூஸ்கை என்ற இன்னொரு தளத்தின் பக்கம் திரும்பியது. ட்விட்டர் நிறுவனர்களில் ஒருவரான ஜாக் டோர்சி 2019-ல் தூவிய விதை அது; பின்பு ஜே கிரேபர் தலைமையில் தனி நிறுவனமானது. 2024 ஆகஸ்ட் கடைசியில் பிரேசில் உச்ச நீதிமன்ற நீதிபதி அலெக்சாந்தர் ஜி மொராயிஸ் எக்ஸ் என்று பெயர் மாறியிருந்த ட்விட்டருக்குத் தடை விதித்தார். சில நாள்களிலேயே 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் புளூஸ்கையில் குதித்தார்கள். நவம்பரில் அமெரிக்கத் தேர்தல் முடிந்ததும் மொத்த எண்ணிக்கை 2 கோடியைத் தாண்டியது.

அவர்களைத் தங்கவைத்ததில் ‘ஸ்டார்ட்டர் பேக்’ என்ற சின்ன வசதிக்குப் பெரும் பங்கு உண்டு. யாரும் 150 பேர் வரை சேர்த்து ஒரு பட்டியல் போடலாம்: நோய்த்தொற்றியல் நிபுணர்கள், கால்பந்து எழுத்தாளர்கள், கார்ட்டூனிஸ்ட்டுகள். புதிதாக வருபவர் அந்தச் சுட்டியைத் திறந்து ஒரே தட்டில் எல்லோரையும் பின்தொடர்ந்துவிடலாம். 2022-ல் கோப்பு இறக்கி, கோப்பு ஏற்றி, கண்ணைக் கசக்கிக்கொண்டு செய்த வேலை இப்போது செயலிக்குள்ளேயே வந்துவிட்டது.

புளூஸ்கையில் ஒருவருடைய அடையாளம் சர்வரோடு கட்டப்படவில்லை. கொள்கைப்படி, எழுதிய பதிவுகள் உட்பட எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இன்னொரு சர்வருக்குப் போகலாம். நடைமுறையில் மிகப் பெரும்பாலானவர்கள் நிறுவனத்தின் சொந்த சர்வர்களில்தான் இருக்கிறார்கள். கறுப்பினப் பயனாளர்களுக்காக ரூடி ஃப்ரேசர் தொடங்கிய பிளாக்ஸ்கை இதில் விதிவிலக்கு. முதலில் ஒரு தனி ஃபீடாகத் தொடங்கி, சொந்தக் கண்காணிப்புக் குழு அமைத்து, 2025-ல் சொந்த சர்வர்களையும் நிறுவி ஆட்களை அங்கே மாற்றத் தொடங்கியது. மஸ்டோடனுக்கும் புளூஸ்கைக்கும் இடையே பாலம் போடும் பிரிட்ஜி ஃபெட் என்ற கருவியும் இருக்கிறது. ஒரு கரையில் இருப்பவர் மறுகரைப் பதிவுகளைத் தன் இடத்திலிருந்தே படிக்க, பதில் போட அது உதவுகிறது.

ஆட்கள் மட்டுமல்ல, அரசுகளும் இடம் மாறிப் பார்த்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு 2022 ஏப்ரலில் ‘ஈயு வாய்ஸ்’ என்ற மஸ்டோடன் சர்வரைச் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. நடத்தும் பொறுப்பை ஏற்க வேறு அமைப்பு முன்வராததால் 2024 மே மாதம் மூடியது. நெதர்லாந்து அரசு 2023-ல் தொடங்கிய சர்வரில் அமைச்சகங்கள் எழுதத் தொடங்கின. பிபிசியும் அதே ஆண்டு தனக்கென ஒன்று தொடங்கியது.

இந்தியாவில் நடந்தது வேறு கதை. ட்விட்டருக்கு மாற்று என்று தமிழ் உட்படப் பல மொழிகளில் வந்த ‘கூ’ செயலி, வாங்க ஆள் கிடைக்காமல் 2024 ஜூலையில் மூடப்பட்டது. அது மஸ்டோடன்போலப் பிற சர்வர்களோடு பேசும் வலை அல்ல. ஒரே நிறுவனத்தின் தளம். நிறுவனம் நின்றதும் அங்கே சேர்ந்த வட்டங்களும் அதோடு கலைந்தன.

2025 நவம்பரில் ஆய்கன் ரோஷ்கோ மஸ்டோடனின் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகி, அதன் பெயரையும் உரிமைகளையும் லாப நோக்கமற்ற அமைப்பிடம் ஒப்படைத்தார். கிட்டத்தட்ட பத்து வருடம் ஒருவர் தோளில் இருந்த பொறுப்பை இப்போது ஒரு குழு சுமக்கிறது. அதற்கான சம்பளமும், ஆயிரக்கணக்கான சர்வர்களுக்கான மாத வாடகையும் எங்கிருந்து வருகின்றன? விளம்பரம் இல்லாத இடத்தில் உண்டியல் எப்படி நிறைகிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)