பெரிய பிள்ளைக்கு என்ன வாங்குவது?

தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் அம்மா டவுனுக்குப் போய் எல்லாப் பிள்ளைகளுக்கும் உடுப்பு எடுத்து வருவார். சின்னதுகள் துள்ளிக் குதிக்கும். 15 வயதுப் பிள்ளையோ ஒரு தடவை பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடும். "என்ன, புடிக்கலையா?" என்றால், "இல்ல, நல்லாத்தான் இருக்கு" என்று பதில் வரும். பிறகு அது பெட்டியிலேயே கிடக்கும். அதற்கான காசு மட்டும் மாதாமாதம் சம்பளத்தில் பிடிபடும்.

இதைத் திமிர் என்று நாங்கள் நினைக்கவில்லை. அந்த வயதில் நிறமும் தையலும் கூட்டாளிகள் மத்தியில் பெரிய விசயம். ஆகவே பிள்ளையையும் கூட்டிப் போங்கள். "இவ்வளவுதான் இருக்கு, நீயே பார்த்து எடு" என்று தொகையைச் சொல்லிவிடுங்கள். வீட்டுக் கணக்குத் தெரிந்த பிள்ளை பெரும்பாலும் அதற்கு மேல் கேட்காது. கூட்டிப்போக வழியில்லாவிட்டால், மாற்றித் தருவார்களா என்று கடையில் கேட்டு, பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

உடுப்புத்தான் வேண்டும் என்றும் இல்லை. 10 அடிக்கு 12 அடி லயக் காம்பிராவில் வளரும் பிள்ளைக்குத் தனக்கென்று ஒரு மூலை கிடையாது. பூட்டுப் போட்ட சின்னத் தகரப் பெட்டி ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். கொப்பி, படம், கடிதம் என்று எதையாவது அதில் வைக்கும். சாவி எல்லாம் பிள்ளையிடமே இருக்கட்டும். ஒன்றை நாம் ஒளித்து வைத்துக்கொண்டால் அது பரிசே இல்லை.

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு மேசை விளக்கும் தேவைதான். மற்றவர்கள் தூங்கும்போது உதவும். ஆனால் அதைத் தீபாவளிப் பரிசாகக் கொடுக்காதீர்கள். "படி, படி" என்று சொல்வதாகவே பிள்ளைக்குக் கேட்கும். வேறொரு மாதத்தில் சும்மா வாங்கி வையுங்கள்.