உலகம் என்ற சொல்லும் உதைபந்தாட்டமும்: 1966ஆம் ஆண்டு ஆபிரிக்கப் புறக்கணிப்புப் பற்றிய ஒரு நோக்கு

உலகம் என்னுஞ் சொல்லுக்கு உயர்ந்தோர் என்றொரு பொருளை நமது பழைய உரையாசிரியர்கள் கொண்டனர். எல்லா மக்களையுங் குறிக்கவேண்டிய சொல், வழக்கினை நிருணயிக்கும் அதிகாரம் பெற்ற சிலரை மாத்திரம் குறித்து நிற்பது அவர்களுக்கு இயல்பானதாகவே தோன்றிற்று. இலக்கண மாணவர் நன்கறிந்த இச்செய்தி, முற்றிலும் வேறானதொரு துறையிலே, அதாவது நாடுகளுக்கிடையிலான உதைபந்தாட்டப் போட்டியின் வரலாற்றிலே, எவ்வாறு தலைகாட்டிற்று என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம். 1966ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியை ஆபிரிக்க நாடுகள் ஒருங்கே புறக்கணித்தமை எமது பிரதான ஆய்வுப்பொருளாகும்.

விளையாட்டு, ஆய்வறிவாளரின் கவனத்துக்குரியதன்று என்னும் எண்ணம் நம்மவரிடையே இன்றும் நிலவுகின்றது. விளையாட்டு வேறு, அரசியல் வேறு என்னுங் கூற்றும் அதனோடு சேர்ந்தே வருவது. திரினிடாட்டிற் பிறந்த மார்க்சிய அறிஞரான சி. எல். ஆர். ஜேம்ஸ், 1963இல் வெளியிட்ட நூலிலே கிரிக்கெட் ஆட்டத்தை மேற்கிந்தியத் தீவுகளின் குடியேற்றவாதச் சமுதாய அமைப்போடு இணைத்து நோக்கி, இக்கூற்றின் வெறுமையைக் காட்டினார். ஒரு சமுதாயத்தின் உறவுகளும் முரண்பாடுகளும் அதன் இலக்கியத்திற் போலவே அதன் ஆடுகளத்திலும் பிரதிபலிக்கின்றன. ஆயின் அப்பிரதிபலிப்பு இயந்திரப் பாங்கானதன்று; ஆட்டத்துக்கே உரிய விதிகள், நிறுவனங்கள் ஆகியவற்றினூடாக அது நிகழ்வது என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

உதைபந்தாட்டத்தின் சர்வதேச நிறுவனமாகிய பீபா, 1904ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ஐரோப்பியச் சங்கங்களால் தோற்றுவிக்கப்பட்டது. அது நடத்திய முதலாவது உலகக் கிண்ணப் போட்டி 1930இல் உருகுவேயில் இடம்பெற்றது. அதிற் கலந்துகொண்ட 13 அணிகளும் ஐரோப்பாவையும் அமெரிக்கக் கண்டங்களையுமே சேர்ந்தவை. 1934இல் இத்தாலியில் எகிப்து ஆடியது. அதன் பின்னர் 36 ஆண்டுகள் ஓர் ஆபிரிக்க அணியேனும் இப்போட்டியில் இடம்பெறவில்லை. அக்கண்டத்தின் மிகப் பெரும்பகுதி அந்நிய ஆட்சியின்கீழ் இருந்தமையே இதற்கு அடிப்படைக் காரணமாகும். தேசமே இல்லாதவிடத்துத் தேசிய அணி எங்ஙனம் தோன்றும்?

இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய விடுதலை எழுச்சி இந்நிலையை மாற்றிற்று. 1957 பெப்ரவரியில், சுதந்திரம் பெற்று ஓராண்டே கடந்திருந்த சூடானின் தலைநகர் கார்ட்டூமில் ஆபிரிக்க உதைபந்தாட்டச் சம்மேளனம் உருவாயிற்று. எகிப்து, சூடான், எதியோப்பியா, தென்னாபிரிக்கா ஆகிய நான்கும் அதன் தொடக்க உறுப்பு நாடுகள். அம்மாதத்திலேயே முதலாவது ஆபிரிக்கக் கிண்ணப் போட்டியும் அங்கு நடைபெற்றது. ஆயினும் ஆடியவை மூன்று அணிகளே. வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்தாடும் அணியொன்றை அனுப்ப நிறவொதுக்கல் அரசின்கீழிருந்த தென்னாபிரிக்கா உடன்படவில்லை. அத்தகைய அணியன்றி வேறெதனையும் ஏற்க ஏனைய நாடுகள் உடன்படவில்லை. சூயஸ் யுத்தம் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்த எகிப்து, இறுதியாட்டத்தில் எதியோப்பியாவை 4–0 என வென்றது. ஆபிரிக்க உதைபந்தாட்டம் ஒரு நிறுவனமாகப் பிறந்த கணத்திலேயே, யார் ஆடலாம், யாரோடு ஆடலாம் என்னும் வினாவுக்கு விடையளித்தே பிறந்தது என்பது இங்கு கருதத்தக்கது.

1960ஆம் ஆண்டு மாத்திரம் 17 ஆபிரிக்க நாடுகள் சுதந்திரமடைந்தன. பீபாவின் பேரவையில் ஒவ்வொரு நாட்டுச் சங்கத்துக்கும் ஒரு வாக்கு என்பது விதி. ஆகவே புதிய நாடுகளின் வருகை, அந்நிறுவனத்தின் அதிகாரச் சமநிலையையே அசைக்க வல்லதாயிருந்தது. இச்சூழ்நிலையில் 1966ஆம் ஆண்டுப் போட்டிக்குரிய 16 இடங்களும் பின்வருமாறு பங்கிடப்பட்டன. போட்டியை நடத்தும் இங்கிலாந்து உட்பட ஐரோப்பாவுக்கு 10, தென்னமெரிக்காவுக்கு 4, வட, மத்திய அமெரிக்காவுக்கும் கரிபியனுக்கும் 1. எஞ்சிய ஓர் இடத்துக்கு ஆபிரிக்கா, ஆசியா, ஓசியானியா ஆகிய மூன்று பகுதிகளும் தம்முள் மோதிக்கொள்ள வேண்டும். ஆபிரிக்காவில் முதலிடம் பெறும் அணியும் ஆசியாவின் வெற்றியாளரை வென்றாலன்றி இங்கிலாந்துக்குச் செல்ல முடியாது. மனித குலத்தின் பெரும்பான்மையினர் வாழும் பெருநிலப்பரப்புக்கு ஒதுக்கப்பட்டது பதினாறில் ஒரு பங்கு.

ஆபிரிக்க ஆட்டத்தின் தரம் போதாது என்பது இப்பங்கீட்டுக்குக் கூறப்பட்ட நியாயங்களுள் ஒன்று. இந்நியாயம் இலக்கிய விமர்சனத்தில் நமக்குப் பழக்கமானது. தரம் என்பதனை வரையறுக்கும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, தரத்தை வளர்க்கும் வாய்ப்பைப் பிறர்க்கு மறுத்து, பின்னர் தரமின்மையையே மறுப்புக்குக் காரணமாகக் காட்டும் முறை அது. வலிமை மிக்க அணிகளோடு மோதாத அணி வலிமை பெறுவதெங்ஙனம்? 1962ஆம் ஆண்டுப் போட்டிக்கான தகுதிகாண் ஆட்டங்களில் மொறோக்கோ, ஸ்பெயினிடம் 1–0, 3–2 என்னுஞ் சிறு வேறுபாடுகளிலேயே தோல்வி கண்டிருந்தது என்பதையும் நினைவுகூர்தல் பொருந்தும்.

தென்னாபிரிக்கப் பிரச்சினை இம்முரண்பாட்டை மேலுங் கூர்மையாக்கிற்று. 1961இல் தென்னாபிரிக்கச் சங்கம் பீபாவினால் இடைநிறுத்தப்பட்டது. அவ்வாண்டு தலைமைப் பதவியேற்ற ஆங்கிலேயரான சேர் ஸ்ரான்லி றவுஸ், விளையாட்டில் அரசியல் கலத்தலாகாது என்னுங் கொள்கையினர். அவரது தலைமையில் 1963இல் அத்தடை நீக்கப்பட்டது. நிறவெறியை ஏற்பது அரசியலன்று, எதிர்ப்பதே அரசியல் என்னும் விசித்திரமான தர்க்கம் இதனுள் அடங்கியிருந்தது. எனினும் 1964இல் தோக்கியோவிற் கூடிய பேரவையில் ஆபிரிக்க, ஆசிய நாடுகளின் வாக்குப் பலத்தினால் தடை மீண்டும் விதிக்கப்பட்டது.

இடப்பங்கீட்டுக்கு எதிரான போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்களுள் இருவர் குறிப்பிடத்தக்கவர். ஒருவர் கானாவின் விளையாட்டுத்துறைப் பணிப்பாளரும் பீபா நிருவாகக் குழுவின் உறுப்பினருமான ஓஹெனே ஜான். மற்றவர் எதியோப்பியாவுக்காக ஆடியவரும் பின்னர் ஆபிரிக்கச் சம்மேளனத்தின் தலைவராக விளங்கியவருமான யிட்னெகாச்சு தெசெமா. ஆபிரிக்காவுக்கு ஒரு நேரடி இடமேனும் வழங்கப்படல் வேண்டும் என்பதே அவர்களது கோரிக்கை. அது நிராகரிக்கப்பட்டபோது, ஆபிரிக்கச் சம்மேளனத்தின் அணிகள் யாவும் தகுதிகாண் போட்டிகளிலிருந்து விலகின.

கானாவின் பங்கு தற்செயலானதன்று. குவாமே என்குருமா உதைபந்தாட்டத்தை ஆபிரிக்க ஐக்கியத்தின் கருவியாகக் கண்டவர். கானா அணியின் பெயரான கறுப்பு நட்சத்திரங்கள் என்பது, மார்கஸ் கார்வி நிறுவிய கப்பற் கம்பனியின் பெயரை நினைவூட்டுவது. அவ்வணி 1963இலும் 1965இலும் ஆபிரிக்கக் கிண்ணத்தை வென்றது. உலகக் கிண்ணத்தில் ஆடுவதற்கு மிகுந்த தகுதி பெற்றிருந்த அணியே ஆடாமலிருக்கத் தீர்மானித்தது என்பதில் இப்புறக்கணிப்பின் கனதி தங்கியுள்ளது. அத்தலைமுறை ஆட்டக்காரர் தமது வாழ்நாள் வாய்ப்பை இழந்தனர். போராட்டங்களின் வரலாற்றை எழுதுவோர், அவற்றுக்கான விலையை எவர் செலுத்தினர் என்பதையும் எழுதுதல் வேண்டும்.

அவர்களின்றி நடைபெற்ற போட்டியிலே வரலாறு இரு பாடங்களைப் புகட்டிற்று. மூன்று பகுதிகளுக்குமுரிய அவ்வோர் இடத்தை, புனோம் பென்னில் அவுஸ்திரேலியாவை இருமுறை வென்று வட கொரியா பெற்றது. தரமற்றவர் எனக் கருதப்பட்டோரின் பிரதிநிதியாக வந்த அவ்வணி, ஏற்கெனவே இருமுறை உலகக் கிண்ணத்தை வென்றிருந்த இத்தாலியை 1–0 எனத் தோற்கடித்துக் காலிறுதிக்கு முன்னேறிற்று. அங்கு போர்த்துக்கலுக்கு எதிராக 3–0 என முன்னணியில் நின்று, ஈற்றில் 5–3 எனத் தோல்வியுற்றது. போர்த்துக்கலின் ஐந்து கோல்களில் நான்கினை அடித்தவர் யூசேபியோ. போட்டி முழுவதிலும் 9 கோல்களைப் பெற்று முதலிடம் வகித்தவரும் அவரே. அவர் பிறந்தது மொசாம்பிக்கில். அணித் தலைவர் மாரியோ கொலூனாவும் அந்நாட்டிற் பிறந்தவரே. மொசாம்பிக் மக்கள் 1964இல் போர்த்துக்கலுக்கு எதிராக ஆயுதப் போராட்டத்தைத் தொடங்கியிருந்தனர். ஆபிரிக்கா புறக்கணித்த போட்டியின் தலைசிறந்த கோல் வீரர் ஆபிரிக்க மண்ணின் மைந்தர். ஆயின் ஆளும் நாட்டின் கொடியின்கீழ் ஆடினார். பருத்தியையும் தாதுப்பொருளையும் போலவே ஆட்டத்திறனும் குடியேற்ற நாட்டிலிருந்து பெறப்பட்டு, ஆளும் நாட்டின் பெயரில் உலகுக்குக் காட்டப்பட்டது. ஆபிரிக்காவிடம் தரம் இல்லை என்ற வாதத்துக்கு இதனினும் சிறந்த மறுப்பு வேண்டியதில்லை.

புறக்கணிப்புப் பயன் தந்தது. 1970ஆம் ஆண்டு மெக்சிக்கோவில் நடைபெற்ற போட்டிக்கு ஆபிரிக்காவுக்கெனத் தனியிடமொன்று வழங்கப்பட்டு, மொறோக்கோ அதனைப் பெற்றது. 1978இல் துனீசியா மெக்சிக்கோவை 3–1 என வென்றமை, உலகக் கிண்ணத்தில் ஆபிரிக்க அணியொன்றின் முதல் வெற்றியாகும். தென்னாபிரிக்கச் சங்கம் 1976இல் பீபாவிலிருந்து முற்றாக வெளியேற்றப்பட்டு, நிறவொதுக்கல் ஆட்சி தளர்ந்த பின்னரே 1992இல் மீண்டும் ஏற்கப்பட்டது. ஆடி வெல்ல முடியாததை ஆடாமல் வென்றனர் எனலாம்.

எனினும் இவ்வெற்றியின் எல்லைகளையும் நாம் காணத் தவறலாகாது. என்குருமா 1966 பெப்ரவரியில் இராணுவச் சதியினால் வீழ்த்தப்பட்டார். இங்கிலாந்துப் போட்டி தொடங்கும்வேளை அவர் பதவியில் இல்லை. 1974இல் றவுசைத் தோற்கடித்துப் பிரேசில் நாட்டவரான ஜொவாவோ ஹவலாஞ்ச் பீபாவின் தலைவரானமைக்கு ஆபிரிக்க வாக்குகள் பெரிதும் உதவின. அவர் வாக்களித்தவாறே போட்டி விரிவடைந்தது. 1982இல் அணிகள் 24 ஆயின. ஆனால் அவ்விரிவாக்கத்துக்கான நிதி பல்தேசியக் கம்பனிகளிடமிருந்து வந்தது. 1977இல் துனீசியாவில் நடைபெற்ற முதலாவது உலக இளைஞர் போட்டிக்கு ஆதரவளித்தது கொக்கா கோலா. பழைய குடியேற்றவாதம் பூட்டிவைத்த கதவை மக்கள் எழுச்சி தட்டிற்று. திறந்துவிட்டதோ புதிய சந்தை தேடிய மூலதனம்.

1998இல் ஆபிரிக்காவுக்கு 5 இடங்கள் கிடைத்தன. 2026ஆம் ஆண்டுப் போட்டிக்கு 48 அணிகளுள் 9 நேரடி இடங்கள் ஒதுக்கப்பட்டன. 2022இல் மொறோக்கோ அரையிறுதிக்கு முன்னேறிய முதல் ஆபிரிக்க அணியாயிற்று. அவ்வணியின் 26 வீரர்களில் 14 பேர் மொறோக்கோவுக்கு வெளியே பிறந்தவர்; அவர்களுட் பெரும்பாலோர் ஐரோப்பாவுக்குப் புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள். யூசேபியோ சென்ற பாதைக்கு எதிர்த் திசையிலே அவர்கள் வந்தனர். ஆயினும் அவ்வணியினர் பலரின் அன்றாட உழைப்பு ஐரோப்பியக் கழகங்களுக்கே உரியதாயிருந்தது. பிரதிநிதித்துவம் வென்றெடுக்கப்பட்டுவிட்டது, உற்பத்தியின் மீதும் வருவாயின் மீதுமான அதிகாரம் இன்னும் வென்றெடுக்கப்படவில்லை.

1966ஆம் ஆண்டுப் புறக்கணிப்பு எமக்கு உணர்த்துவது இதுவேயாகும். உலகம் என்றால் உயர்ந்தோர் என்னும் வரைவிலக்கணத்தை இலக்கணிகள் மாற்றுவதில்லை. அவ்வரைவிலக்கணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டோர் ஒன்றிணைந்தே மாற்றுகின்றனர். ஒன்றிணைந்து மறுக்கும் ஆற்றலும் ஓர் ஆற்றலே என்பதை ஆபிரிக்க நாடுகள் காட்டின. சொல்லின் பொருள் விரிந்துவிட்டது. அப்பொருளுக்கேற்ற உலகை ஆக்கும் பணி எஞ்சியுள்ளது.