காய்ச்சலே இல்லாத டைஃபாய்டு

கரந்தையில் சித்தப்பா வீட்டு ஊஞ்சல் மேல் செங்கல் கனத்தில் ஒரு புத்தகம். ஓரமெல்லாம் மஞ்சளும் ரோஸும் பச்சையுமாக ஒட்டுச்சீட்டு. சித்தப்பா மகள் பி.பார்ம் முடித்துவிட்டுத் திருச்சியில் மெடிக்கல் கோடிங் வேலைக்குப் போகிறாள். அமெரிக்க நோயாளிகளின் கேஸ் ஷீட்டைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் எண் போடும் வேலை. செல்போனையே வாசலில் வாங்கி வைத்துவிடும் இடத்தில் எனக்கு எங்கே அனுமதி! அதனால், கோடிங் பரீட்சைக்குப் படித்த புத்தகத்தைக் காட்டினாள். 100 கேள்வி, 4 மணி நேரம், புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம்.

"பார்த்து எழுதறதுக்கா இத்தனை பயம்?"

"எங்க பார்க்கணும்னு தெரியணுமேண்ணா! இப்போ ஒரு கல்யாண சமையல்காரர்னு வைங்க. ஆள் கல்லு மாதிரி இருக்கார். மலத்துல மட்டும் டைஃபாய்டு கிருமி. என்ன கோடு?"

டைஃபாய்டு, ஏ01.00. சட்டென்று கண்டுபிடித்துவிட்டேன்!

"காய்ச்சல் எங்கண்ணா இருக்கு?" என்று சிரித்தாள். காய்ச்சல் எப்போதோ வந்து கிருமியும் போய்விட்டதென்றால் இசட்86.19. காய்ச்சல் இல்லை, கிருமி மட்டும் பித்தப்பையில் வாடகை தராமல் குடியிருக்கிறது என்றால் இசட்22.0. காலரா, அமீபா சுமப்பவர்களுக்குப் பக்கத்து வீடு, இசட்22.1. நோயில்லாத ஆளுக்கும் ஒரு எண்! இப்படிக் கிருமியைச் சுமந்த நியூயார்க் சமையல்காரி மேரி மாலன் நினைவுக்கு வந்தார். தனக்கு டைஃபாய்டு வந்ததே இல்லை என்று கடைசிவரை சாதித்தவர். 1938-இல் இறப்பதற்குள் மொத்தம் 26 வருஷம் தனிமைத் தீவில் கழித்தார்.

இன்னொரு ரகசியமும் சொன்னாள். புறநோயாளி கேஸில் டாக்டர் 'சந்தேகம்' என்று எழுதியதற்குக் கோடு போட்டால் தப்பு. ஆனால் இசட்22-இன் கீழே, பொடி எழுத்தில், கிருமி சுமப்பவர் என்ற சந்தேகமும் இதில் சேரும் என்றே போட்டிருக்கிறது! அந்த வரியில் அவள் மூன்று முறை அடிக்கோடிட்டு வைத்திருந்தாள். அதற்காக, லேப் ரிப்போர்ட் பாசிட்டிவ் என்று தானாகப் போட்டுவிட முடியாது. டாக்டரே எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் அவருக்கே கேள்வி அனுப்பிக் காத்திருக்க வேண்டியதுதான்.

நமக்கு மேட்டூர் திறக்கும் ஜூன் 12 மாதிரி இவர்களுக்கு அக்டோபர் 1. புதுக் கோடுகள் பெரும்பாலும் அன்றுதான் பாயும், செங்கல்லும் மாறும்.

சமையல்காரர்களுக்கு வருஷம் ஒருமுறை மருத்துவப் பரிசோதனை என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதியிலும் உண்டு. வைகாசி முகூர்த்தத்துக்கு ஆள் பேசப் போகிறவர்கள், மெனு பேசும்போதே அந்தச் சான்றிதழையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.