சக்கரம் சொல்லும் கணக்கு

குட்டி விஞ்ஞானிகளே, உங்கள் வீட்டில் பெரிய சைக்கிள் இருக்கிறதா? அதன் முன்சக்கர டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு தரையைத் தொடும் இடத்தில் தரையிலும் ஒரு கோடு போடுங்கள். இப்போது சைக்கிளை நேராக, மெல்ல உருட்டுங்கள். டயரில் உள்ள கோடு ஒரு சுற்று சுற்றிவந்து மறுபடி தரையைத் தொடும் இடத்தைக் குறித்துக்கொண்டு, இரண்டு குறிகளுக்கும் இடையே அளந்து பாருங்கள். ஏறக்குறைய 2 மீட்டர் வரும். அப்படியானால் 500 சுற்றுக்கு 1 கிலோமீட்டர்!

கார் சக்கரமும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். சுற்றுகளை எண்ணிக் கிலோமீட்டராக மாற்றிக் காட்டும் கருவிதான் ஓட்டுநருக்கு எதிரே இருக்கும் ஓடோமீட்டர். நியூசிலாந்தில் 2024 ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் இந்தக் கருவிக்கு ஒரு புது வேலை வந்தது. மின்சார கார் வைத்திருப்பவர் சாலைப் பராமரிப்புக்கு எவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்பதை அது சொல்லத் தொடங்கியது.

அதுவரை அந்தப் பணம் எப்படி வந்துகொண்டிருந்தது?

பெட்ரோலுக்குள் ஒளிந்திருந்த காசு

அமெரிக்காவின் ஆரெகன் மாநிலம் 1919-இல் ஒரு வழி கண்டுபிடித்தது. ஒரு காலன் பெட்ரோலுக்கு, அதாவது சுமார் 3.8 லிட்டருக்கு, 1 சென்ட் வரி. நிறைய ஓட்டுகிறவர் நிறைய பெட்ரோல் போடுவார், நிறைய வரி கட்டுவார். கொஞ்சம் ஓட்டுகிறவர் கொஞ்சம் கட்டினால் போதும். வண்டி வண்டியாகப் போய்க் கணக்கெடுக்க வேண்டியதில்லை. பெட்ரோல் பங்க்கே கணக்குப்பிள்ளை ஆகிவிட்டது! பிறகு பல நாடுகளும் இதே வழிக்கு வந்தன.

மின்சார கார் பெட்ரோல் போடுவதே இல்லை. வீட்டிலேயே சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும். புகைக்குழாயே கிடையாது. நல்ல வண்டி, நமக்கு வேண்டிய வண்டி. ஆனால் பெட்ரோலோடு சேர்ந்து வந்த சாலைக் காசு இதனிடமிருந்து வராது. மின்சார கார்கள் பெருகப் பெருக அந்த வரி குறையும். சாலையின் தேய்மானம் மட்டும் குறையாது.

சாலை எப்படிப் பழுதாகிறது?

கண்ணுக்குத் தெரியும் கறுப்புப் பரப்பு சாலையின் தோல் மட்டுமே. அதற்குக் கீழே ஜல்லி அடுக்கு, அதற்கும் கீழே இறுக்கிய மண். ஒரு சக்கரம் மேலே ஏறும்போது அந்தத் தோல் மிக மிக லேசாக வளைந்து, சக்கரம் போனதும் நிமிர்கிறது. இப்படி லட்சக்கணக்கான தடவை நடந்தால், மடக்கி மடக்கி நிமிர்த்திய கம்பிபோல அதில் விரிசல் விழும். விரிசல் வழியே மழைத்தண்ணீர் இறங்கும். அடியிலுள்ள மண் இளகும். அடுத்த சக்கரம் ஏறியதும் குழி!

இதைச் சமையலறையிலேயே பார்க்கலாம். ஒரு பிஸ்கட்டை மேசைமேல் வைத்து விரலால் நடுவில் அழுத்துங்கள். உடையாது. அதே பிஸ்கட்டைப் பாத்திரம் தேய்க்கும் புதுப் பஞ்சின்மேல் வைத்து அழுத்துங்கள். சட்டென்று விரிசல் விடும். பிஸ்கட்டின் பலம் மாறவில்லை. அடித்தளம் இளகியதும் பிஸ்கட் வளைந்தது, வளைந்ததால் உடைந்தது.

எவ்வளவு எடை ஏறினால் எவ்வளவு சேதம்? இதை அறிய அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே 1958 முதல் 1960 வரை ஒரு பெரிய சோதனை நடந்தது. வளையம் வளையமாகச் சாலைகள் போட்டு, ராணுவ வீரர்களை வைத்து லாரிகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். சக்கர அச்சுகள் 11 லட்சம் தடவைக்கு மேல் அந்தச் சாலைகளில் ஏறி இறங்கின. அந்த அளவீடுகளிலிருந்து ஒரு தோராய விதி கிடைத்தது: ஓர் அச்சின்மேல் உள்ள எடை 2 மடங்கானால், சாலைக்கு வரும் சேதம் 2 மடங்கு அல்ல, 2×2×2×2, அதாவது 16 மடங்கு!

இந்த விதியை வைத்து நாமே ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பெட்ரோல் காரின் ஓர் அச்சில் 750 கிலோ எடை இருக்கட்டும். அது செய்யும் சேதத்தை 1 என்று வைத்துக்கொள்வோம். மின்சார காரில் பெரிய பேட்டரி இருக்கிறதே, அதற்கு 900 கிலோ என்போம். எடை 1.2 மடங்கு. 1.2-ஐ நான்கு முறை பெருக்குங்கள். சேதம் சுமார் 2. பெரிய லாரியின் ஓர் அச்சுக்கு 7,500 கிலோ. எடை 10 மடங்கு, சேதம் 10,000!

அப்படியானால் கார் ஏன் கட்ட வேண்டும்?

உங்களில் யாராவது இப்படிக் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நல்ல கேள்வி. சாலைச் செலவெல்லாம் சக்கரத்தால் மட்டும் வருவதில்லை. வெயிலும் மழையும் எந்த வண்டியும் ஓடாத சாலையையும் கெடுக்கும். பாலம் வேண்டும், வடிகால் வேண்டும், விளக்கு வேண்டும், வெள்ளைக் கோடு வேண்டும், மலைச்சரிவில் விழுந்த பாறையை அகற்ற ஆள் வேண்டும். இவை எல்லோருக்கும் பொதுவான செலவு. இதில் எல்லோரும் பங்கு தர வேண்டும். கனமான வண்டி அதற்குமேல் தான் செய்யும் சேதத்துக்கும் தர வேண்டும்.

நியூசிலாந்தில் டீசல் லாரிகள் 1978 முதலே இப்படிக் கட்டுகின்றன. எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு எடை, எத்தனை அச்சு என்று பார்த்துத்தான் கட்டணம். லாரி இழுத்துச்செல்லும் டிரெய்லருக்கு எஞ்சினும் இல்லை, ஓடோமீட்டரும் இல்லையே? அதன் சக்கரத்தின் நடுவில், உள்ளங்கை அகலத்தில் வட்டமான ஒரு மீட்டரைப் பொருத்துகிறார்கள். மீட்டரின் கூடு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். உள்ளே ஓர் எடைக்கட்டி சுற்றாமல், புவியீர்ப்பால் கீழ்நோக்கியே தொங்கிக்கொண்டிருக்கும். சுற்றும் கூட்டுக்கும் சுற்றாத கட்டிக்கும் இடையே உள்ள பல்சக்கரங்கள் சுற்றுகளை எண்ணிவிடும். எவ்வளவு எளிமை!

2024-இல் மின்சார கார்களும் இந்த வரிசையில் சேர்ந்தன. 1,000 கிலோமீட்டருக்கு 76 நியூசிலாந்து டாலர். முன்கூட்டியே கட்டி, எந்தக் கிலோமீட்டர் வரை ஓட்டலாம் என்று அச்சிட்ட சீட்டை முன்கண்ணாடியில் வைத்துக்கொண்டார்கள். பெட்ரோல், சார்ஜ் இரண்டிலும் ஓடும் கார்கள் பெட்ரோல் வரியும் கட்டுவதால் அவற்றுக்குப் பாதி, 38 டாலர். அதே ஆண்டு ஜனவரியில் ஐஸ்லாந்தும் மின்சார கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 6 குரோனா என்று வசூலிக்கத் தொடங்கியது. கார் எங்கே போனது, யாரைப் பார்த்தது என்று யாரும் கேட்பதில்லை. ஓடோமீட்டர் எண் போதும்.

நியாயமா? கணக்குப் போட்டுப் பாருங்கள்

நியூசிலாந்தில் ஒரு லிட்டர் பெட்ரோலில் சாலைக்கான வரி ஏறக்குறைய 80 சென்ட். மூன்று கார்கள் 10,000 கிலோமீட்டர் ஓடுகின்றன என்போம். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் போகும் கார் 1,000 லிட்டர் குடிக்கும். அது கட்டுவது 800 டாலர். மின்சார கார் கட்டுவது 760 டாலர். இரண்டும் அருகருகே வருகின்றன. ஆனால் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் போகும் சிக்கனமான பெட்ரோல் கார்? 400 டாலர்தான்! ஒரே சாலை, ஒரே தூரம். புகையே விடாத கார், புகை விடும் காரைவிட அதிகம் கட்டுகிறது. இது சரியல்ல. எல்லா வண்டிகளையும் கிலோமீட்டர் கணக்குக்கு மாற்ற அந்நாட்டு அரசு திட்டமிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மின்சார காரும் சாலைக்குத் தன் பங்கைத் தர வேண்டும் என்றே நானும் நினைக்கிறேன். ஓடிய தூரத்தையும் வண்டியின் எடையையும் பார்த்து, எல்லா வண்டிகளுக்கும் ஒரே முறையில் அதை வாங்க வேண்டும். காற்றைக் கெடுக்காததற்கான பாராட்டை, கார் வாங்கும்போது விலையைக் குறைத்துத் தரலாம். சாலையில் ஓடுவது வேறு, காற்றைக் காப்பது வேறு. இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு வைத்தால் இரண்டும் நேராக இருக்கும்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு ஸ்கூட்டர் அல்லது காரின் ஓடோமீட்டர் எண்ணை நோட்டில் குறியுங்கள். அடுத்த ஞாயிறு மறுபடி பாருங்கள். கழித்தால் கிலோமீட்டர் கிடைக்கும். காராக இருந்தால் அதை 500-ஆல் பெருக்குங்கள். ஸ்கூட்டர் சக்கரம் சிறியது. அதன் சுற்றளவை நூல் வைத்து அளந்து, நீங்களே வகுத்துப் பாருங்கள். ஒரே வாரத்தில் உங்கள் வீட்டுச் சக்கரம் இத்தனை முறை சுற்றியதா என்று வியந்துபோவீர்கள். அத்தனை சுற்றையும் தாங்கியது ஒரு சாலை.