மூக்கின் உச்சியில் ஒரு மஞ்சள் திட்டு

கொரோனாவின் முதல் இரண்டு அலைகளில் பலருக்கு அது நடந்தது. முந்தைய நாள் வரை எல்லாம் சரி. மறுநாள் காலையில் பெருங்காயம் தாளித்தாலும் தெரியவில்லை, ஊதுவத்தி கொளுத்தினாலும் தெரியவில்லை. ஜலதோஷம் பிடித்தால் வாசனை போவது வழக்கம்தான். மூக்கு அடைத்துக்கொள்ளும், அடைப்பு விட்டதும் வாசனை திரும்பிவிடும். இவர்களில் பலருக்கோ மூக்கடைப்பே இல்லை. மூச்சு தாராளமாகப் போய் வந்தது, மணம் மட்டும் வரவில்லை.

வைரஸ் நுகர்வு நரம்பை அரித்துவிட்டது, அடுத்து மூளைக்குள் போய்விடும் என்ற பயம் அப்போது மருத்துவர்களிடையேகூட இருந்தது. நியாயமான பயம்தான். மூக்குக்கும் மூளைக்கும் நடுவில் இருப்பது துளைகள் நிறைந்த ஒரு மெல்லிய எலும்புத் தகடு. அந்தத் துளைகள் வழியாகத்தான் நுகர்வு நரம்பு இழைகள் உள்ளே போகின்றன. ஆனால் வைரஸ் அடித்தது நரம்பை இல்லை. யாரை அடித்தது என்று தெரிந்துகொள்ள, மூக்குக்குள் செல் செல்லாகப் போய்ப் பார்க்க வேண்டும்.

ஒரு நாளைக்குச் சுமார் 10,000 லிட்டர் காற்று நமக்குள் போய் வருகிறது. நுழைவாயிலில் இருக்கும் முடி பெரிய தூசியை மட்டும்தான் தடுக்கும். உண்மையான வேலை அதற்குப் பின்னால்தான். நாசியறையின் பக்கச் சுவரில், பக்கத்துக்கு மூன்றாக, சுருண்ட எலும்பு மடிப்புகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் போர்த்தியிருக்கும் சவ்வு முழுக்க ரத்தக் குழாய்கள். அந்த இடுக்குகளில் உரசிப் போவதற்குள் காற்று சூடேறி, ஈரமாகிவிடுகிறது. சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு பக்கச் சவ்வு வீங்க, மறுபக்கம் சுருங்கும். ஒரு நாசியை மூடி மற்றதால் இழுத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு பக்கம் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். ரிச்சர்ட் கைசர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1895இல் இதை விவரித்து எழுதினார். மூச்சு எந்த நாசியில் ஓடுகிறது என்று சரம் பார்க்கிறவர்களுக்கு நாசி மாறுவது பழைய செய்தி. அதை வைத்துப் பலன் சொல்வதில்தான் அறிவியல் அவர்களோடு வராது.

மூக்கின் பெரும்பகுதியிலும், மூச்சுக்குழலிலும், அதன் கிளைகளிலும் உட்புறப் பூச்சு ஏறக்குறைய ஒரே மாதிரிதான். நெட்டையான செல்கள் நெருக்கியடித்து நிற்கும். இடையிடையே கோப்பை வடிவ செல்கள், சளியைச் சுரப்பவை. நெட்டைச் செல் ஒவ்வொன்றின் தலையிலும் சுமார் 200 குறுஇழைகள். நொடிக்குப் பத்து முறைக்கு மேல் அவை வேகமாக ஒரு பக்கம் அடித்து, மெதுவாகத் திரும்புகின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் அடிப்பதில்லை. காற்றில் நெற்பயிர் சாய்வதுபோல ஓர் அலையாக, ஒன்றை அடுத்து ஒன்று சாய்கின்றன. அவற்றின் மேல் மிதக்கும் சளிப் படலம், ஒட்டிய தூசியோடும் கிருமியோடும், நிமிடத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் அளவில் நகர்ந்துகொண்டே இருக்கும். மூக்கிலிருந்து பின்னோக்கி, நுரையீரலிலிருந்து மேல்நோக்கி, இரண்டும் தொண்டையில் வந்து சேரும். அதை நாம் அறியாமலே நாள் முழுக்க விழுங்கிக்கொண்டிருக்கிறோம். மிச்சத்தை வயிற்று அமிலம் பார்த்துக்கொள்ளும். புகைபிடிப்பவர்களுக்கு இந்த இழைகள் குட்டையாகி, எண்ணிக்கையும் குறைந்துவிடுகின்றன. தானாக ஏற வேண்டிய சளியைக் காலையில் இருமித்தான் வெளியேற்ற வேண்டியிருக்கிறது.

ஒரு குறுஇழையைக் குறுக்கே வெட்டி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால் அழகான ஒரு கோலம் தெரியும். சுற்றிலும் ஒன்பது ஜோடிக் குழல்கள், நடுவில் இரண்டு. ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் குட்டிக் கைகள் நீண்டிருக்கும். டைனீன் என்ற புரதத்தால் ஆன கைகள் அவை. பக்கத்து ஜோடியைப் பிடித்து இழுத்து இழையை வளைப்பது அவைதான். 1976இல் ஸ்வீடனின் பியோர்ன் அஃப்சேலியஸ், குழந்தை இல்லை என்று வந்த சில ஆண்களின் விந்தணுக்களைப் பார்த்தார். வால் இருந்தது, அசையவில்லை. டைனீன் கைகளைக் காணோம். அவர்களுக்குச் சிறுவயது முதலே ஓயாத சளி, சைனஸ் தொல்லை. சிலருக்கு இதயம் வலப்பக்கம் இருந்தது! கருவில் இடம் எது, வலம் எது என்று தீர்மானிப்பதிலும் இதே போன்ற இழைகளின் சுழற்சிக்குப் பங்கு உண்டு. இழை சுழலாவிட்டால் இதயம் எந்தப் பக்கம் அமையும் என்பது பூவா தலையா கதைதான்.

இனி அந்த மஞ்சள் திட்டு. நாசியறையின் கூரையில், இரண்டு கண்களுக்கு நடுவே உள்ள மட்டத்தில், சில சதுர சென்டிமீட்டர் பரப்பில் சவ்வின் நிறம் மாறுகிறது. சுற்றிலும் இளஞ்சிவப்பு, இங்கே மங்கலான மஞ்சள். சாதாரணமாக மூச்சு விடும்போது உள்ளே வரும் காற்றில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் இங்கே ஏறுகிறது. ரசம் கொதிக்கும்போது மூக்கை உறிஞ்சி முகர்கிறோமே, அது கூடுதல் காற்றை இங்கே ஏற்றுவதற்குத்தான். சாப்பாட்டை மென்று விழுங்கும்போது தொண்டைப் பக்கத்திலிருந்தும் மணம் இங்கே ஏறும். நாக்கு தருவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு போன்ற சில சுவைகளை மட்டுமே. மல்லியையும் கறிவேப்பிலையையும் வேறுபடுத்துவது மூக்கு. வாசனை போனவர்கள் சோறு மண்ணாக இருக்கிறது என்று சொன்னது இதனால்தான்.

திட்டில் இருக்கும் நரம்பு செல்லின் நுனி ஒரு சிறு குமிழாக முடிகிறது. அந்தக் குமிழிலிருந்தும் பத்து, இருபது குறுஇழைகள் கிளம்புகின்றன. அடியில் அதே ஒன்பது ஜோடி, நடுவில் இரண்டு. ஆனால் டைனீன் கைகள் கிடையாது. அசைவதும் கிடையாது. சளிக்குள் நீளமாகப் படுத்துக் கிடக்கின்றன. ஒரு சென்டிமீட்டர் கீழே நோயாகக் கருதப்படுவது, இங்கே இயல்பு. பெருக்குவது இந்த இழைகளின் வேலை இல்லை, பிடிப்பதுதான் வேலை. அதற்குத் தேவை பரப்பளவு.

எதைப் பிடிக்கின்றன என்பது 1991இல் தெரிந்தது. அமெரிக்காவில் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் எலியில் மண ஏற்பிகளுக்கான ஒரு பெரிய மரபணுக் குடும்பத்தைக் கண்டுபிடித்தார்கள். 2004இல் நோபல் பரிசு வந்தது. எலிக்கு இப்படி ஆயிரத்துக்கும் மேல் உண்டு. மனிதனிடம் வேலை செய்பவை சுமார் 400. ஒரு நரம்பு செல் இந்த 400இல் ஒன்றே ஒன்றை மட்டும் உருவாக்கிக்கொள்கிறது. மல்லிகையின் ஒரு மூலக்கூறு பல வகை ஏற்பிகளை வெவ்வேறு அளவில் தூண்டும். எவை எவை தூண்டப்பட்டன என்ற கணக்கிலிருந்துதான் மூளை மணத்தைப் பிரித்தறிகிறது. மனித மண ஏற்பி ஒன்று தன் மூலக்கூறைப் பிடித்திருக்கும் கோலத்தை அணு அளவில் பார்க்க 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாசனையைப் பொறுத்தவரை நாம் இன்னும் தொடக்கப் பள்ளியில்தான் இருக்கிறோம்.

உடலில் மற்ற நரம்பு செல்கள் தோலுக்கும் எலும்புக்கும் பின்னால் பத்திரமாக இருக்க, இது மட்டும் வெளிக்காற்றில் தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. புகை, தூசி, வைரஸ் எல்லாம் நேராக அதன் மேல் படுகின்றன. அப்படியும் அது பிழைத்திருப்பது அக்கம்பக்கத்தாரால்.

நரம்பு செல்களைச் சுற்றித் தூண்கள்போல நிற்பவை தாங்கு செல்கள். பெயரைப் பார்த்து வெறும் முட்டுக்கொடுப்பவை என்றுதான் நீண்டகாலம் நினைத்திருந்தார்கள். சளியின் உப்புச் சமநிலையைக் காப்பது, காற்றோடு வரும் நச்சுகளைச் சிதைப்பது, செத்த செல்களை அப்புறப்படுத்துவது என்று அவற்றின் வேலைப்பட்டியல் நீளமானது. கீழே போமன் சுரப்பிகள் சளியைச் சுரக்கின்றன. அடித்தளத்தில் ஸ்டெம் செல்கள். நரம்பு செல் செத்தால் இவை பிரிந்து புதிதாக ஒன்றைத் தரும். வளர்ந்த விலங்கில் நரம்பு செல் மீண்டும் முளைக்காது என்பது பாடப்புத்தக வாக்காக இருந்த 1970களில், மூக்கில் முளைக்கிறது என்று பஸ்குவாலே கிராசியாடெய் காட்டினார்.

2020இல் ஹார்வர்டின் சந்தீப் ராபர்ட் தத்தா குழு ஒரு எளிய கேள்வி கேட்டது. வைரஸ் ஒட்டிக்கொள்ள ஏசிஇ2 என்ற புரதம் தேவை. இந்தத் திட்டில் அது எந்தச் செல்லில் இருக்கிறது? நரம்பு செல்லில் இல்லை. தாங்கு செல்லில் இருந்தது. கொரோனாவில் இறந்தவர்களின் மூக்குத் திசுவைச் சில மணி நேரத்துக்குள் எடுத்துப் பார்த்த பெல்ஜிய, ஜெர்மானிய ஆய்வாளர்களும் 2021இல் அதையே உறுதிசெய்தார்கள். தாங்கு செல்கள் வைரஸால் நிரம்பியிருந்தன, நரம்பு செல்கள் தப்பியிருந்தன.

பக்கத்து வீடு எரிந்தால் நம் வீட்டுக்கு என்ன என்று நரம்பு செல் இருந்துவிட முடியவில்லை. வைரஸ் செலுத்திய வெள்ளெலிகளில் தாங்கு செல்கள் சரிந்து, நரம்பு செல்கள் குறுஇழைகளையே இழந்தன. 2022இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஸ்டாவ்ரோஸ் லோம்வர்டாஸ் குழு இன்னும் உள்ளே போனது. தொற்றே இல்லாத நரம்பு செல்லின் உட்கருவில் மரபணுக்களின் அடுக்கு குலைந்து, மண ஏற்பிகளின் உற்பத்தி சரிந்திருந்தது. நரம்பு செல் உயிரோடுதான் இருந்தது, வாயடைத்துப் போயிருந்தது.

இதே வைரஸ் நுரையீரலில் செய்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். காற்று நுண்ணறைகளின் சுவரில் 95 சதவீதத்தைப் போர்த்தியிருப்பவை படலம் போன்ற முதல் வகைச் செல்கள். ஆக்சிஜன் அவற்றின் வழியாகத்தான் ரத்தத்துக்குப் போகிறது. இடையில் உருண்டையாக, அடக்கமாக இருப்பவை இரண்டாம் வகைச் செல்கள். நுண்ணறை சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வழுக்குப் பொருளைச் சுரப்பவை அவைதான். முதல் வகை செத்தால் புதிதாகத் தருவதும் அவைதான். குறைமாதக் குழந்தைகள் மூச்சுத் திணறுவது இந்தச் சுரப்பு போதாமல்தான் என்று மேரி எலன் ஏவரி 1959இல் காட்டினார். ஏசிஇ2 இங்கே எதில் இருக்கிறது? இரண்டாம் வகையில்! மூக்கிலும் சரி, நுரையீரலிலும் சரி, வைரஸுக்குக் கதவு திறந்தது பராமரிப்பு வேலை பார்க்கும் செல்லில்தான். பாடப்புத்தகப் படங்களில் ஒரு ஓரமாக வரையப்படுகிற செல்கள் இவை.

தாங்கு செல்கள் விரைவில் வளர்ந்துவிடும். அதனால்தான் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வாசனை திரும்பியது. நரம்பு செல்களும் கூட்டமாகச் செத்துவிட்டால் காலம் பிடிக்கும். புதிதாக முளைக்கும் ஒவ்வொன்றும் எலும்புத் துளை வழியாக இழையை அனுப்பி, மூளையின் நுகர்வுக் குமிழில் தன் வகைக்கு உரிய இடத்தைத் தேடிச் சேர வேண்டும். இழை இடம் மாறிச் சேர்வதும், எல்லா வகையும் ஒன்றாகத் திரும்பாததும், மணம் கோணலாகத் தெரிவதற்குச் சொல்லப்படும் விளக்கங்கள். பலருக்கு முதலில் கெட்டுப்போனது காபி. நேற்றுவரை உயிராக இருந்த டிகாக்‌ஷன் கருகிய ரப்பராக, சாக்கடையாக மாறியது. பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் ஜேன் பார்க்கரும் சகாக்களும் காபியின் மணத்தை மூலக்கூறு மூலக்கூறாகப் பிரித்து, பாதிக்கப்பட்டவர்களை முகரவைத்தார்கள். அதிகம் பேரைக் குமட்டவைத்தது 2-ஃபுரான்மீத்தேன்தயால். கொட்டையை வறுக்கும்போது உருவாகும் கந்தக மூலக்கூறு இது. சரியான மூக்குக்கு இதுதான் காபி வாசனையின் உயிர்நாடி. பூண்டும் வெங்காயமும்கூடச் சிலருக்கு ஆகாமல் போயின. கந்தகம் அவற்றிலும் உண்டு.

மருந்து என்று சொல்லத்தக்கது பெரிதாக ஒன்றும் இல்லை. ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹும்மல் 2009இல் வெளியிட்ட நுகர்வுப் பயிற்சி இருக்கிறது. ரோஜா, எலுமிச்சை, யூகலிப்டஸ், கிராம்பு ஆகிய நான்கு மணங்களை, காலையும் மாலையும், 12 வாரம் முகர வேண்டும். எல்லோருக்கும் பலன் கிடைப்பதில்லை, ஆனால் செலவும் இல்லை, கெடுதலும் இல்லை. விக்ஸ் தெரிகிறதே, மூக்கு சரியாகிவிட்டது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அந்தச் சில்லிப்பைச் சொல்வது முகத்தின் தொடு உணர்வை எடுத்துச்செல்லும் வேறொரு நரம்பு. சமையல் காஸில் கசிவு தெரிவதற்காகக் கலக்கும் எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகப் பொருளின் நாற்றம், வாசனை போனவருக்கு எட்டாது. அப்படி ஒருவர் வீட்டில் தனியாகச் சமைக்கிறார் என்றால், காஸ் கசிவை ஒலியெழுப்பிச் சொல்லும் கருவி ஒன்றை அடுப்படியில் மாட்டிவிடுவது நல்லது. சிலிண்டரில் வரும் சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது என்பதால், அதைத் தரையை ஒட்டி மாட்ட வேண்டும்.