வகுப்பறைக்கு வெளியே – 7: ஒன்பதாவது உதவியாளர்
போன வாரம் ஸ்டான்ஃபோர்டில் நிறுத்தியிருந்தோம். 2011-இல் செபாஸ்டியன் த்ரன், பீட்டர் நார்விக் இருவரும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட, 1,60,000 பேர் பதிந்துகொண்டார்கள். அந்தச் சூட்டோடு த்ரன் 'உடாசிட்டி' என்ற இணையக் கல்வி நிறுவனத்தைத் தொடங்கினார். பல்கலைக்கழகங்களுக்கு இனி வேலையே இல்லை என்று சிலர் ஆரூடம்கூடச் சொன்னார்கள். 2013-லேயே அடி விழுந்தது. கலிஃபோர்னியாவில் சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகம் உடாசிட்டியோடு சேர்ந்து நடத்திய கணிதப் பாடங்களில் தேர்ச்சி மோசமாக இருந்ததால், அந்தக் கோடையிலேயே திட்டத்தை நிறுத்திவைத்தார்கள்.

இத்தனைக்கும் பிறகு, 2014 ஜனவரியில் அட்லாண்டாவின் ஜார்ஜியா டெக் அதே உடாசிட்டியோடு கைகோத்து ஒரு முதுகலைப் பட்டத்தை முழுக்க ஆன்லைனில் தொடங்கியது. பாடம் கணினி அறிவியல். ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் 20 லட்சம் டாலர் கொடுத்தது. முதல் செமஸ்டரில் சேர்ந்தவர்கள் சுமார் 380 பேர்தான். பின்னாளில் அது பத்தாயிரத்தைத் தாண்டியது. பட்டம் முழுவதற்கும் 7,000 டாலர் அளவில் கட்டணம், கறாரான தேர்வு, வளாகத்தில் படிப்பவருக்குக் கிடைக்கும் அதே பட்டம். இலவசமாக இல்லாததுதான் இது நிலைத்ததற்குக் காரணம் என்பேன். காசு வாங்கினால்தானே வீட்டுப்பாடம் திருத்த ஆள் வைக்க முடியும்?

வீடியோ பாடத்தை ஒரு முறை எடுத்துவிட்டால் முந்நூறு பேரும் பார்க்கலாம், மூன்று லட்சம் பேரும் பார்க்கலாம். சந்தேகத்தை அப்படித் தீர்க்க முடியாது. கேட்பவர் ஒவ்வொருவருக்கும் யாராவது உட்கார்ந்து பதில் எழுதியாக வேண்டும். ஜார்ஜியா டெக்கின் அந்த ஆன்லைன் பட்டப்படிப்பில் பேராசிரியர் அசோக் கோயல் செயற்கை நுண்ணறிவு வகுப்பு ஒன்றை எடுத்துவந்தார். சுமார் 300 மாணவர்கள், வகுப்பின் இணைய விவாத மன்றத்தில் ஒரு செமஸ்டருக்குப் பத்தாயிரம் பதிவுகள். முக்கால்வாசிப் பேர் பகலில் வேலை பார்த்துவிட்டு இரவில் படிப்பவர்கள். கேள்விகளோ பெரும்பாலும் பழையவைதான்: அசைன்மென்ட் எப்போது வைக்க வேண்டும், எந்த வடிவத்தில் அனுப்ப வேண்டும்…

2016 ஜனவரியில் கோயலின் குழு ஐ.பி.எம். நிறுவனத்தின் 'வாட்சன்' என்ற செயற்கை நுண்ணறிவு அமைப்பை அடிப்படையாக வைத்து ஓர் உதவியாளரை உருவாக்கியது. பெயர் ஜில் வாட்சன். முந்தைய செமஸ்டர்களின் சுமார் 40,000 பதிவுகளை அதற்கு ஊட்டினார்கள். ஆரம்பத்தில் ஜில் சொதப்பியது. வீடியோ பாடங்களைச் சேர்ந்து பார்க்க நண்பர்களைக் கூட்டலாமா என்று ஒருவர் கேட்டால், வீடியோக்களுக்குத் துணையாக எந்தப் புத்தகம் படிக்கலாம் என்று பதில் சொன்னது. சொற்கள் பிடிபட்டன, கேட்டவரின் நோக்கம் பிடிபடவில்லை. நல்லவேளை, அந்தப் பதில்கள் மாணவர்கள் கண்ணில் படவில்லை. தனியாக ஓரிடத்தில் சேர்த்து, மனித உதவியாளர்கள் பார்த்துத் திருத்தினார்கள்.

பிறகு ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள்: 97 சதவீதம் உறுதி இருந்தால் மட்டும் ஜில் பேசலாம், இல்லாவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இன்றைய உரையாடல் கருவிகளிடம் இல்லாத அடக்கம் பத்து வருடத்துக்கு முந்தைய இந்த இயந்திரத்துக்கு இருந்தது. மார்ச் கடைசியிலிருந்து ஜில் நேரடியாகவே பதில் எழுதியது. எட்டு மனிதர்களோடு ஒன்பதாவது உதவியாளராக அது இருந்ததை ஏப்ரல் இறுதியில்தான் மாணவர்களிடம் சொன்னார்கள். அதுவரை பெரும்பாலோருக்குச் சந்தேகமே எழவில்லை.

ஜில் வந்ததால் யாருடைய வேலையும் போகவில்லை. தேதி, வடிவம் போன்ற கேள்விகள் அதன் பக்கம் ஒதுங்க, பாடத்தில் தடுக்கி நிற்பவர்களோடு உட்கார மனிதர்களுக்கு நேரம் கிடைத்தது. கல்லூரி நிர்வாகங்கள் இதைக் கவனிக்க வேண்டும்; ஆட்குறைப்புக் கணக்கோடு இத்தகைய கருவிகளை வாங்குபவர்கள் எதை இழக்கிறார்கள் என்பதை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.

அடுத்த முறை வகுப்பு தொடங்கியபோது, யார் இயந்திரம் என்பது தெரியக் கூடாது என்று மனித உதவியாளர்களும் புனைபெயர் வைத்துக்கொண்டார்கள். மாணவர்கள் துப்பறியத் தொடங்கினார்கள். சிலர் சரியாகவே பிடித்தார்கள். சிலரோ, ரத்தமும் சதையுமான உதவியாளரையே இயந்திரம் என்று அடித்துச் சொன்னார்கள்.

(தொடரும்)